முன்னுரை, ஐந்து முறை

ஏட்டில் என் சுரைக்காய்க்கு ஒரே ஒரு கோடு.
பக்கத்தில் 'வழக்கம்போல்' என்று எழுதியிருக்கிறார்கள்.
வழக்கம் என்னவென்று எந்தத் தாளிலும் இல்லை.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதாம்.
என்னுடையதும் உதவாது:
உலர்ந்தது, விதை உதிர்ந்தது,
முதுகெல்லாம் வரிவரியாய்க் கீறல் வாங்கியது.
குச்சியால் உரசினால் மட்டும் பேசும்.

மத்தான்சாஸ். புதன்கிழமை, மூன்று மணி.
சுருட்டுத் தொழிலாளர் சங்கக் கூடத்தில்
மின்விசிறி நின்று நாற்பது நிமிடம்.
மின்சாரம் போனால் எங்களுக்கென்ன?
புல்லாங்குழலுக்குப் பெலார்மினோவின் மூச்சு போதும்,
வயலினுக்கு இல்டெலிசாவும் அவள் கோபமும்.
பியானோவில் ஒரு கட்டை ஈரத்தில் ஊறி வீங்கி
அழுத்தினால் எழுவதில்லை.
அதைச் சுற்றிக்கொண்டு வாசிப்பான் ஊர்சினோ,
தெருப்பள்ளத்தை அறிந்த சைக்கிள்காரனாய்.

தன்சோன் ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு.
முன்னுரை ஒலிக்கும்வரை ஆடக் கூடாது.
ஜோடி ஜோடியாக நிற்க வேண்டும்.
வியர்வை துடைக்கலாம், பஞ்சப்பாட்டுப் பாடலாம்,
முட்டை எந்தக் கடையில் வந்தது என்று கேட்கலாம்,
எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்க்கலாம்,
பார்க்காமலிருக்க விசிறிக்கொள்ளலாம்.
இரண்டு முறை முன்னுரை.
பிறகு திம்பால் முரசில் ஓர் உருட்டு.
அதன் பிறகே கால்.

அந்த உருட்டு லிபோரியோவின் கையில்.

அன்று எமெரிதா வந்தாள்.
மஞ்சள் உடுப்பு. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த மஞ்சள்:
ஒரு கல்யாணக் கச்சேரிக்குக் காசு தராமல்
துணியாகத் தந்தார்களே, அது.
பதினோரு ஆண்டு லிபோரியோவின் மனைவி.
இரண்டு ஆண்டாக இல்லை.
கூடவே கார்தெனாஸிலிருந்து ஒரு பல் மருத்துவர்,
டாக்டர் ஃபெர்மின்,
பால்போல் வெள்ளை ஷூ.

முன்னுரை ஒருமுறை. மறுமுறை.
டாக்டரின் கை அவள் முதுகைத் தேடி எழுந்தது.
உருட்டு வரவில்லை.
லிபோரியோ தலை குனிந்து
மூன்றாம் முறை முன்னுரைக்குள் நுழைந்தான்.
நாங்களும் போனோம்,
ஓட்டுநர் வழி மாற்றிய பஸ்ஸில் பயணிகள் என்ன செய்வார்கள்?
நான்காம் முறை.
சன்னலோரம் ஒரு சிரிப்பு கிளம்பி
சுவர் சுற்றி வந்தது.
பெலார்மினோ குழலிலிருந்து வாயை எடுக்காமலேயே திட்டினான்.
திட்டு சுருதி பிசகாமல் வந்தது.
ஐந்தாம் முறை.

அறுபது பேர் நிற்கிறார்கள்.
ஒருவன் தன் பழைய மனைவியை
இன்னொருவன் கையில் நகரவிடாமல்
இசையாலேயே கட்டிவைத்திருக்கிறான்.
உள்ளதைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது.
அவ்வளவு மெதுவாக, அவ்வளவு கனிவாக
அவன் முன்னெப்போதும் அடித்ததில்லை.
எனக்கு எரிச்சல் வந்ததும் அதனால்தான்.
இருவரும் ஒரு வீட்டிலிருந்தபோது
இந்தக் கனிவு எந்தப் பெட்டியில் கிடந்தது?

எமெரிதா அவன் பக்கம் திரும்பவில்லை.
விசிறியை மடக்கினாள்.
உள்ளங்கையில் தட்டினாள்:
நெடில் குறில் நெடில் குறில் நெடில்.
இன்னொரு முறை.
சன்னலோரப் பெண்கள் தங்கள் விசிறிகளை மடக்கினார்கள்.
நெடில் குறில் நெடில் குறில் நெடில்.
லிபோரியோவின் குச்சிகள் தோலுக்குமேல்
எதற்கும் துணியாமல் நின்றன.

நான் யாரையும் கேட்கவில்லை.
என் கை இறங்கியது.
சுரைக்காயின் முதுகில் நீளமாய் ஒன்று,
குட்டையாய் இரண்டு.
ர்ர்ராஸ். சக். சக்.
பாஸ் வந்தது. குழல் கூரைக்குப் பறந்தது.
டாக்டரின் முதல் அடியே தப்பு;
ஆடும் பல்லை இருத்துவதுபோல்
எமெரிதா அவரைத் தோளில் அழுத்தி இடத்தில் வைத்தாள்.

உருட்டு பின்னால் வந்து சேர்ந்தது,
தாமதமாக, ஆனால் தாளத்துக்குள்.
நல்ல வாத்தியக்காரன், அதை மறுக்க முடியாது.

முன்னுரை திரும்பவும் வரும், அதுவும் சட்டம்.
வந்தது. எல்லோரும் நின்றார்கள்.
இப்போது அவள் கழுத்தைத் துடைத்தபடி
அவனை நேராகப் பார்த்தாள்.
அவன் முரசைப் பார்த்தான்.
இரண்டு முறை. உருட்டு.

இரவில் வாத்தியங்களைச் சுமந்து பாலம் கடந்தோம்.
ஆறு கடலை முட்டும் இடம்வரை அவன் பேசவில்லை.
பிறகு, 'முந்திக்கொண்டாய்' என்றான்.
'வழக்கம்போல்' என்றேன்.